லேப்டாப் பூட் ஆகவில்லை: எங்கே நிற்கிறது என்று பார்ப்பதிலிருந்து விண்டோஸை மறுபடி போடுவது வரை

லேப்டாப் ஆன் ஆகவில்லை என்றதும் பலரும் முதலில் கேட்பது, "விண்டோஸை மறுபடி போட்டால் சரியாகிவிடுமா?" என்பதுதான். சில நேரம் ஆகும். பல நேரம் கோப்புகள் போய்விடும், பழுது மட்டும் அப்படியே இருக்கும்.

இங்கே விண்டோஸ் போடுவது எட்டாவது படியில்தான் தொடங்குகிறது. அதற்கு முன்னால் இருப்பவற்றைத் தாண்டிப் போகாதீர்கள். எட்டுக்கே வர வேண்டியிராமல் வேலை முடிந்துவிடுவது உண்டு.

விண்டோஸ் 10 அல்லது 11 ஓடும் லேப்டாப்களுக்கானது இது. மேக் கணினியில் மீட்கும் முறையே வேறு.

## 1. முதலில் கையில் சேர்க்க வேண்டியவை

வேலை செய்யும் இன்னொரு கணினி, 8 ஜிபியோ அதற்கு மேலோ உள்ள ஒரு பென்டிரைவ், கோப்புகளை எடுத்து வைக்க ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க், லேப்டாப்போடு வந்த சார்ஜர், படம் எடுக்க ஒரு போன். அடிப்பக்கத்தில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணையும் எழுதிக்கொள்ளுங்கள். பின்னால் டிரைவர் (வைஃபை போன்ற பாகங்களை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருள்) தேடும்போது அது வேண்டும்.

பென்டிரைவையும் எக்ஸ்டர்னல் டிஸ்கையும் ஒன்றுக்கு ஒன்று மாற்றிப் பயன்படுத்தாதீர்கள். விண்டோஸ் பென்டிரைவைத் தயாரிக்கும் கருவி, அதில் இருப்பதையெல்லாம் அழித்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கும். குடும்பப் படங்களையெல்லாம் ஒரு பென்டிரைவில் எடுத்து வைத்துவிட்டு, அடுத்த அரை மணி நேரத்தில் அதே பென்டிரைவில் விண்டோஸை ஏற்றியவரை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

## 2. எந்த இடத்தில் நிற்கிறது?

பவர் பட்டனை அழுத்தி, ஒரு நிமிடம் எதையும் தொடாமல் பாருங்கள். விளக்கு எரிகிறதா? விசிறி சுற்றுகிறதா? தயாரிப்பாளரின் லோகோ வருகிறதா? அதன் கீழே சுற்றும் புள்ளிகள் வருகின்றனவா? ஏதாவது எழுத்து வந்தால் உடனே படம் எடுங்கள்.

இதை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், லோகோ வரும்வரை விண்டோஸுக்கு அங்கே வேலையே இல்லை. மதர்போர்டில் இருக்கும் பயாஸ் என்ற தொடக்க மென்பொருள்தான் லோகோவைக் காட்டுகிறது. லோகோகூட வராத லேப்டாப்பில் விண்டோஸை எத்தனை முறை போட நினைத்தாலும் பயனில்லை. லோகோ வந்து, புள்ளிகள் சுற்றி, அதற்கப்புறம் நின்றால் பிரச்சினை டிஸ்கிலோ விண்டோஸிலோ இருக்க வாய்ப்பு அதிகம்.

விளக்கே எரியவில்லை என்றால் 3, விளக்கு எரிந்தும் திரை கறுப்பாக இருந்தால் 4, லோகோ வந்தால் நேராக 5.

## 3. விளக்கே எரியவில்லை

சார்ஜரைச் சுவரிலிருந்தும் லேப்டாப்பிலிருந்தும் கழற்றுங்கள். பேட்டரி கழலும் வகை என்றால் அதையும் எடுங்கள். பவர் பட்டனை 30 விநாடி விடாமல் அழுத்திப் பிடியுங்கள். பிறகு சார்ஜரை மட்டும் செருகி ஆன் செய்து பாருங்கள்.

போர்டில் தங்கிவிடும் மின்சாரம், அதைக் கட்டுப்படுத்தும் சிறு சிப்பைக் குழப்பத்திலேயே வைத்திருக்கும். 30 விநாடியில் அது வடிந்து, சிப் புதிதாகத் தொடங்குகிறது. கேட்க மந்திரம் மாதிரி இருந்தாலும் பலருக்கு இங்கேயே வேலை முடிந்துவிடும். பேட்டரி உள்ளேயே இருக்கும் சில மாடல்களில் இதற்கென்றே அடிப்பக்கம் ஒரு ஊசித்துளை இருக்கும்.

அப்போதும் அசையவில்லை என்றால் வேறொரு சார்ஜரை முயலுங்கள். டைப்-சி வழியாகச் சார்ஜ் ஆகும் லேப்டாப் என்றால் வாட் அளவைக் கவனியுங்கள். 65 வாட் கேட்கும் லேப்டாப்புக்கு 18 வாட் போன் சார்ஜரைச் செருகிவிட்டு "சார்ஜர் மாற்றியும் வரவில்லை" என்று சொல்லக் கூடாது.

லேப்டாப்பின் அடிப்பாகமோ டச்பேடோ புடைத்திருந்தால் இதோடு நிறுத்திவிடுங்கள். பேட்டரி வீங்கியிருக்கிறது. அதை அழுத்துவதும் குத்துவதும் சார்ஜ் ஏற்றுவதும் தீயில் முடியலாம்.

## 4. விளக்கு எரிகிறது, திரை கறுப்பு

முதலில் திரைதான் பழுதா என்று பாருங்கள். அறையை இருட்டாக்கி, போன் டார்ச்சைத் திரைக்குச் சாய்வாக அடியுங்கள். மங்கலாக எழுத்தோ லோகோவோ தெரிந்தால் லேப்டாப் ஓடுகிறது, பின்விளக்குதான் போயிருக்கிறது. எச்டிஎம்ஐ கேபிளில் டிவியையோ மானிட்டரையோ இணைத்தும் பார்க்கலாம். அதில் படம் வந்தால் கோப்புகள் பத்திரம், செலவு திரைக்கு மட்டும்.

இரண்டிலும் எதுவும் இல்லை என்றால் அடுத்து சந்தேகப்பட வேண்டியது ரேம். சில லேப்டாப்கள் பீப் ஒலியாலோ கேப்ஸ் லாக் விளக்கைக் கண்சிமிட்ட வைத்தோ பழுதைச் சொல்லும். எத்தனை முறை என்று எண்ணி, அந்த மாடலின் கையேட்டோடு ஒப்பிடுங்கள். தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் அர்த்தம் மாறும் என்பதால் பொதுவான பட்டியலை நம்ப வேண்டாம்.

அடிமூடியைத் திறந்து பழக்கம் உண்டு என்றால் பேட்டரி இணைப்பை முதலில் கழற்றிவிட்டு, ரேமை எடுத்து மறுபடி அழுத்திச் செருகுங்கள். இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். பொறுமை வேண்டிய இடமும் இதுதான். ரேமைத் தொட்ட பிறகு முதல் முறை ஆன் செய்யும்போது புதிய லேப்டாப்கள் ஓரிரு நிமிடம் கறுப்புத் திரையோடு இருக்கலாம். அந்த ரேமோடு எப்படிப் பேசுவது என்று போர்டு அளந்துகொண்டிருக்கும். பத்தாவது விநாடியில் ஆஃப் செய்துவிட்டால் அளக்கும் வேலை மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

ரேம் மாற்றியும் வரவில்லை என்றால் போர்டைப் பார்க்கத் தெரிந்தவரிடம் கொடுக்க வேண்டியதுதான்.

## 5. பயாஸில் டிஸ்க் தெரிகிறதா?

"நோ பூட்டபிள் டிவைஸ்" என்ற வரியைப் பார்த்தாலும் சரி, லோகோவிலேயே நின்றாலும் சரி, போக வேண்டிய இடம் பயாஸ். டெல், ஏசர், ஆசுஸ் லேப்டாப்களில் பொதுவாக எஃப்2, எச்.பி.யில் எஃப்10, லெனோவோவில் எஃப்2 (திங்க்பேட் என்றால் எஃப்1). ஆன் செய்த நொடியிலிருந்து அந்த விசையைத் தட்டிக்கொண்டே இருங்கள். அழுத்திப் பிடிக்க வேண்டாம். விசை எடுபடவில்லை என்றால் எஃப்என் விசையோடு சேர்த்துத் தட்டுங்கள்.

உள்ளே மூன்று விஷயம் பாருங்கள்.

ஒன்று, டிஸ்கின் பெயர் பட்டியலில் இருக்கிறதா? இல்லை என்றால் டிஸ்க் கழன்றிருக்கிறது அல்லது செத்துவிட்டது. அதில் விண்டோஸ் போடவும் முடியாது.

இரண்டு, தேதி சரியாக இருக்கிறதா? பல வருடம் பின்னால் போயிருந்தால் போர்டில் இருக்கும் சிறு பேட்டரி தீர்ந்திருக்கலாம். அது தீர்ந்தால் சில போர்டுகளில் பயாஸ் அமைப்புகளும் ஆரம்ப நிலைக்குப் போய்விடும்.

மூன்றாவது இதோடு சேர்ந்தது: பூட் மோட் யூஇஎஃப்ஐயில் (புதிய முறை) இருக்கிறதா, லெகசிக்கு (பழைய முறை) மாறியிருக்கிறதா? விண்டோஸ் எந்த மோடில் போடப்பட்டதோ அதே மோடில்தான் பூட் ஆகும். அது மட்டும் மாறியிருந்தால் திருப்பி வைத்ததும் ஒன்றுமே நடக்காதது போல விண்டோஸ் எழுந்து வரும்.

டெல், எச்.பி. போன்றவற்றில் பயாஸ் பக்கத்திலேயே சோதனைக் கருவியும் உண்டு. டிஸ்க் சோதனையைக் கட்டாயம் ஓட்டுங்கள். ஒரே மாதத்தில் மூன்று முறை விண்டோஸ் போடப்பட்ட ஒரு லேப்டாப் என்னிடம் வந்தது. ஒவ்வொரு முறையும் பத்து நாள் ஓடும், அப்புறம் நிற்கும். சோதனை ஓட்டியதும் டிஸ்க் தேறாதது தெரிந்தது. மூன்று முறை செய்த வேலையும் வீண்.

டிஸ்க் சோதனையில் தோற்றால், அல்லது ஹார்டு டிஸ்கிலிருந்து டக் டக் என்று சத்தம் வந்தால், பழுதுபார்க்கும் முயற்சி எதுவும் வேண்டாம். ஓடும் ஒவ்வொரு நிமிடமும் மிச்சமிருக்கும் கோப்புகளைக் கெடுக்கிறது. சத்தம் இல்லை என்றால் அடுத்த படியில் கோப்புகளை எடுத்துவிட்டு, புது டிஸ்க் வாங்கி எட்டுக்குப் போங்கள். சத்தம் இருந்து, உள்ளே இருப்பது விலைமதிப்பற்றது என்றால் ஆஃப் செய்துவிட்டு டேட்டா மீட்பவரிடம் கொடுங்கள்.

## 6. கோப்புகளை வெளியே எடுப்பது

பழுதுபார்ப்பதற்கு முன்னால் இது. பழுதுபார்க்கும் கருவிகளும் டிஸ்கில் எழுதுகின்றன. எழுதும்போது தவறினால் கோப்புகள் கையை விட்டுப் போகும்.

இன்னொரு கணினியில் உபுண்டு போன்ற லினக்ஸ் ஒன்றைப் பென்டிரைவில் ஏற்றி, லேப்டாப்பை அதிலிருந்து பூட் செய்து (எப்படி என்பது ஒன்பதாவது படியில்), நிறுவாமல் முயன்று பார்க்கும் வாய்ப்பைத் தேர்ந்தெடுங்கள். நிறுவு என்பதைத் தொடாதவரை டிஸ்கில் எதுவும் மாறாது. விண்டோஸ் இருக்கும் பார்ட்டிஷனை (டிஸ்கின் பகுதியை) திறந்து, யூசர்ஸ் ஃபோல்டருக்குள் உங்கள் பெயரில் இருப்பதை எக்ஸ்டர்னல் டிஸ்குக்கு நகலெடுங்கள். விண்டோஸ் முழுமையாக ஷட்டவுன் ஆகாமல் உறங்கிய நிலையில் இருந்தால், அந்தப் பார்ட்டிஷன் படிக்க மட்டும் திறக்கலாம். நமக்கு அதுவே போதும்.

லினக்ஸ் பழக்கம் இல்லாதவர்களுக்கு ஒரு குறுக்கு வழி. அடுத்த படியில் வரும் மீட்புத் திரையில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து, நோட்பேடின் பெயரை ஆங்கிலத்தில் தட்டி என்டர் அழுத்துங்கள். நோட்பேடில் ஃபைல், ஓப்பன் என்று போய், கீழே "ஆல் ஃபைல்ஸ்" என்று மாற்றினால் அந்தச் சின்னச் சன்னலே உங்கள் ஃபைல் எக்ஸ்புளோரர். ஃபோல்டரை வலது கிளிக் செய்து காப்பி, எக்ஸ்டர்னல் டிஸ்கில் பேஸ்ட். எவ்வளவு முடிந்திருக்கிறது என்று காட்டாது. உறைந்தது போல் இருக்கும், காத்திருங்கள். டிரைவ் எழுத்துகள் இங்கே மாறியிருக்கலாம். உங்கள் சி டிரைவ் டி என்று தெரிந்தால் பயப்பட வேண்டாம்.

இந்தப் படியில் பலரைத் தடுப்பது பிட்லாக்கர் என்ற, டிஸ்கைப் பூட்டும் விண்டோஸ் வசதி. நிறையப் புதிய லேப்டாப்களில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கும், உரிமையாளருக்கே தெரியாது. திரை 48 இலக்க மீட்பு எண் கேட்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கோடு அந்த லேப்டாப்பை இணைத்திருந்தால், வேறு கணினியிலோ போனிலோ அதே கணக்குக்குள் நுழைந்து சாதனங்கள் பகுதியில் தேடுங்கள். எண்கள் பல இருந்தால், திரையில் காட்டும் கீ ஐடியோடு ஒத்துப்போவதை எடுங்கள். அலுவலக லேப்டாப் என்றால் எண் அங்குள்ள ஐடி பிரிவிடம் இருக்கும்.

எண் கிடைக்கவில்லை என்றால் அந்தக் கோப்புகளைத் திறக்க வழியே இல்லை. விண்டோஸைப் புதிதாகப் போட்டால் லேப்டாப் ஓடும், கோப்புகள் திரும்பாது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் அப்டேட் ஒன்றால் மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையில் நின்றன. சேஃப் மோடில் (அத்தியாவசியமானதை மட்டும் ஏற்றி விண்டோஸைத் தொடங்கும் முறை) போய் ஒரு கோப்பை அழித்தால் தீரும் சிக்கல் அது. பிட்லாக்கர் பூட்டியிருந்த கணினிகளில் அதற்கும் முதலில் இந்த எண்ணைத்தான் தேட வேண்டியிருந்தது.

## 7. இருக்கும் விண்டோஸைப் பழுதுபார்ப்பது

விண்டோஸ் அடுத்தடுத்து பூட் ஆகத் தவறினால் மீட்புத் திரை தானாகவே வரும். வரவில்லை என்றால், புள்ளிகள் சுற்றத் தொடங்கியதும் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து ஆஃப் செய்யுங்கள். இரண்டு முறை இப்படிச் செய்தால் மூன்றாவது முறை மீட்புத் திரைக்குப் போகும்.

அங்கே டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ். நான் போகும் வரிசை இது: ஸ்டார்ட்அப் ரிப்பேர் ஒரு முறை. பலிக்காவிட்டால் அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ், அதுவும் அப்டேட்டுக்கு மறுநாள் நின்ற லேப்டாப் என்றால் இதுவே முதலில். பிறகு சிஸ்டம் ரெஸ்டோர். அதன்பின் சேஃப் மோட். அதில் லேப்டாப் எழுந்தால், விண்டோஸ் நன்றாக இருக்கிறது, புதிதாகச் சேர்ந்த டிரைவரோ மென்பொருளோதான் கெடுக்கிறது என்று அர்த்தம். அதை நீக்கினால் போதும்.

கடைசியாக ரீசெட் திஸ் பிசி. "கீப் மை ஃபைல்ஸ்" என்பது உங்கள் கோப்புகளை மட்டும் வைத்துக்கொள்ளும். நிறுவிய மென்பொருள்கள் எல்லாம் போய்விடும். லோக்கலா கிளவுடா என்று கேட்டால், நெட் நன்றாக இருந்தால் கிளவுட். லோக்கல் என்பது டிஸ்கில் ஏற்கெனவே இருக்கும் கோப்புகளை வைத்தே கட்டுவது. கெட்டுப்போனது அந்தக் கோப்புகளே என்றால் பாதியில் நின்றுவிடும்.

## 8. விண்டோஸ் பென்டிரைவ் தயாரிப்பது

இன்னொரு கணினியில் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து மீடியா கிரியேஷன் டூலை இறக்கி, அது கேட்பதற்குப் பதில் சொன்னால் போதும். யாரோ ஏற்கெனவே "தயார் செய்து" வைத்த விண்டோஸைப் போடாதீர்கள். உள்ளே என்ன சேர்ந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது, அதனால் முடிந்தவர்கள் 11-க்குப் போங்கள். அதற்கு டிபிஎம் 2.0 (ஒரு பாதுகாப்புச் சிப்), 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம், பட்டியலில் உள்ள பிராசசர் ஆகியவை வேண்டும். 4 ஜிபியில் அது நிறுவப்படும்; ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கத்தான் பொறுமை போதாது.

ஐஎஸ்ஓ கோப்பை (விண்டோஸ் நிறுவல் முழுவதும் அடங்கிய ஒற்றைக் கோப்பு) அப்படியே பென்டிரைவில் இழுத்துப் போடுவது புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. அது பூட் ஆகாது. உள்ளிருப்பதைப் பிரித்துப் போட்டாலும் சிக்கல்தான்: யூஇஎஃப்ஐ பொதுவாகப் படிப்பது ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்த பென்டிரைவை, ஃபேட்32-இல் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது, ஐஎஸ்ஓவுக்குள் இருக்கும் முக்கியமான கோப்பு பெரும்பாலும் அதைத் தாண்டிவிடும். ஐஎஸ்ஓதான் கையில் இருக்கிறது என்றால் ரூஃபஸ் போன்ற கருவியால் எழுதுங்கள். அதில் ஜிபிடி (டிஸ்கைப் பகுதிகளாகப் பிரிக்கும் புதிய முறை), யூஇஎஃப்ஐ என்று தேர்ந்தெடுங்கள்.

கருவி ஓடிக்கொண்டிருக்கும்போதே உங்கள் லேப்டாப் மாடலுக்கான வைஃபை டிரைவரையும், இன்டெல் பிராசசர் என்றால் ஸ்டோரேஜ் டிரைவரையும் (ரேபிட் ஸ்டோரேஜ் என்ற பெயரில் இருக்கும்) தயாரிப்பாளரின் தளத்திலிருந்து இறக்கிவிடுங்கள். பென்டிரைவ் தயாரானதும் அதில் தனி ஃபோல்டரில் போடுங்கள். ஸ்டோரேஜ் டிரைவர் ஒரே செட்டப் கோப்பாக இருந்தால் பிரித்து வையுங்கள். நிறுவும் திரைக்குச் செட்டப் கோப்பைப் படிக்கத் தெரியாது.

## 9. பென்டிரைவிலிருந்து பூட் செய்வது

சார்ஜரைச் செருகுங்கள். எக்ஸ்டர்னல் டிஸ்கைக் கழற்றிவிடுங்கள். அடுத்த படியில் தவறான டிஸ்கை அழிக்காமல் இருக்க இதைவிட நல்ல பாதுகாப்பு இல்லை.

பூட் மெனு விசை டெல், லெனோவோ, ஏசரில் எஃப்12, எச்.பி.யில் எஃப்9, ஆசுஸில் எஸ்கேப். ஏசரில் சில மாடல்களில் எஃப்12 அணைத்து வைக்கப்பட்டிருக்கும், பயாஸில் போய் ஆன் செய்ய வேண்டும். பென்டிரைவின் பெயர் இரண்டு முறை தெரிந்தால் யூஇஎஃப்ஐ என்று ஆரம்பிப்பதையே எடுங்கள். பெயரே வரவில்லை என்றால் யுஎஸ்பி ஹப் இல்லாமல் நேரடியாக, வேறு போர்ட்டில் செருகிப் பாருங்கள்.

## 10. எந்த டிஸ்கில் போடுவது என்று கேட்கும் திரை

பாதிக் கிணறு தாண்டியவர்கள் நிற்கும் இடம் இது.

டிஸ்கே தெரியவில்லையா? பயாஸில் தெரிந்த டிஸ்க் இங்கே தெரியவில்லை என்றால் அது சாகவில்லை. 11-ஆம் தலைமுறை இன்டெல் லேப்டாப்களிலிருந்து விஎம்டி என்ற அமைப்பு ஒன்று பலவற்றில் ஆன் ஆகியிருக்கும். எஸ்.எஸ்.டி. அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். "லோடு டிரைவர்" அழுத்தி, எட்டாவது படியில் எடுத்து வைத்த ஸ்டோரேஜ் டிரைவரைக் காட்டினால் டிஸ்க் பட்டியலில் வந்து நிற்கும்.

பயாஸில் விஎம்டியை ஆஃப் செய்தாலும் தெரியும்தான். ஆனால் ஏற்கெனவே இருக்கும் விண்டோஸ் அந்த அமைப்போடு போடப்பட்டது என்றால், ஆஃப் செய்ததும் அது நீலத் திரைக்குப் போகும். பிட்லாக்கரும் எண் கேட்கக்கூடும். பழையதை வைத்துக்கொள்ள நினைப்பவர்கள் இதைத் தொட வேண்டாம்.

"இந்த டிஸ்கில் நிறுவ முடியாது, இது எம்பிஆர்" அல்லது "ஜிபிடி" என்று மறுக்கிறதா? டிஸ்கின் அமைப்பும் (எம்பிஆர் பழைய முறை, ஜிபிடி புதியது) பென்டிரைவ் பூட் ஆன மோடும் பொருந்தவில்லை. ஜிபிடி என்று சொல்லி மறுத்தால் நீங்கள் லெகசியில் வந்திருக்கிறீர்கள். ஒன்பதுக்குத் திரும்பி யூஇஎஃப்ஐ வரியைத் தேர்ந்தெடுங்கள், எதையும் அழிக்கத் தேவையில்லை. எம்பிஆர் என்று மறுத்தால், கோப்புகள் வெளியே வந்துவிட்டன என்று உறுதி செய்துகொண்டு அந்த டிஸ்கின் எல்லாப் பார்ட்டிஷனையும் நீக்குங்கள். காலி இடம் ஒன்றே மிஞ்சும்; அதைத் தேர்ந்தெடுத்து நெக்ஸ்ட் கொடுத்தால் விண்டோஸே ஜிபிடியாக மாற்றிக்கொள்ளும்.

டி டிரைவில் கோப்புகள் இருக்கின்றன, சி மட்டும் போதும் என்பவர்கள் பார்ட்டிஷனின் அளவைப் பார்த்து அடையாளம் காணுங்கள். இங்கே சி, டி என்ற எழுத்துகளை நம்ப முடியாது. அளவும் உறுதியாகத் தெரியவில்லை என்றால் பின்னால் போய் ஆறாவது படியை மறுபடி செய்யுங்கள். டிலீட் அழுத்திய பிறகு யோசிப்பதில் லாபம் இல்லை.

## 11. முதல் ரீஸ்டார்ட்டும் அதற்குப் பிறகும்

நகலெடுத்து முடிந்து லேப்டாப் ரீஸ்டார்ட் ஆகும் நொடியில் பென்டிரைவைக் கழற்றுங்கள். பூட் வரிசையில் பென்டிரைவ் முதலில் இருந்தால் நிறுவல் மறுபடி முதல் திரையிலிருந்து தொடங்கும். "நாலு தடவை போட்டும் முடியவே இல்லை" என்று ஒருவர் புலம்பியபோது நான் செய்தது பென்டிரைவைப் பிடுங்கியது மட்டும்தான்.

புராடக்ட் கீ கேட்டால் "என்னிடம் இல்லை" என்பதை அழுத்துங்கள். அதே லேப்டாப்பில் முன்பு முறையான விண்டோஸ் இருந்திருந்தால் நெட் கிடைத்ததும் தானாக ஆக்டிவேட் ஆகும். ஹோம் இருந்த இடத்தில் ஹோம், புரோ இருந்த இடத்தில் புரோ என்று அதே பதிப்பைப் போட்டிருக்க வேண்டும். மதர்போர்டை மாற்றியிருந்தால் தானாக ஆகாமல் போகலாம்.

வைஃபை பட்டியல் காலியாக இருந்தால் டிரைவர் இல்லை என்று அர்த்தம். போனை யுஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங் ஆன் செய்தால் பெரும்பாலும் அது நெட்டாக எடுத்துக்கொள்ளும். உள்ளே போனதும் பென்டிரைவில் இருக்கும் வைஃபை டிரைவரை நிறுவுங்கள், பிறகு விண்டோஸ் அப்டேட்டை இரண்டு மூன்று முறை ஓட்டுங்கள். மற்ற டிரைவர்கள் பெரும்பாலும் அதிலேயே வந்துவிடும்.

டிரைவ் என்கிரிப்ஷன் ஆன் ஆகியிருக்கிறதா என்று செட்டிங்ஸில் பாருங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்திருந்தால் கேட்காமலே ஆன் ஆகியிருக்கலாம். ஆகியிருந்தால் அந்தப் புது 48 இலக்க எண்ணைக் காகிதத்தில் எழுதி லேப்டாப் பையில் இல்லாமல் வேறெங்காவது வையுங்கள். பழைய எண் இனி செல்லாது. கோப்புகளைத் திருப்பி ஏற்றிய பிறகும் எக்ஸ்டர்னல் டிஸ்கில் இருக்கும் நகலை ஒரு மாதம் அழிக்காதீர்கள்.